ரெட் அலர்ட்டுக்குப் பயந்து கிளம்பியது என் தப்பா, டாக்டர்?

முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வயது 41. வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. பத்தாவதிலும் ஆறாவதிலும் இரண்டு பிள்ளைகள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனாருக்கு 74 வயது. 2022 முதல் செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். மாமனார் தன் பி.எஃப். பணத்தைப் போட்டுக் கட்டிய தரைத்தள வீடு, மேலே மொட்டை மாடி.

2015 வெள்ளத்தில் அந்த வீட்டில் ஸ்விட்ச் போர்டுக்கு மேல் தண்ணீர் ஏறியது. குடும்பத்தையே படகில் ஏற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. ஆனால் தெருவில் இடுப்பளவு. ஒரு டயாலிசிஸ் தவறிப்போய், அடுத்த முறைக்கு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூச்சுத் திணறலோடு போய்ச் சேர்ந்த பெரியவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தப் பயத்தில், 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் இவர் மாமனாரை வற்புறுத்திக் குரோம்பேட்டையில் நாத்தனார் வீட்டுக்கு, இரண்டாவது மாடிக்கு, அழைத்துப் போனார். ரெட் அலர்ட் நாளன்று முடிச்சூரில் தூறல்தான்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நிற்கவில்லை. "வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்துல காரைக் கொண்டுபோய் நிறுத்தினவங்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" என்கிறார் கணவர். "பொண்ணு வீட்டுல போய் உக்காந்து சாப்பிடுற நிலைமையா எனக்கு? இனிமே பிணமாத்தான் இந்த வீட்டை விட்டுப் போவேன்" என்கிறார் மாமனார். வாசகியோ அக்டோபர் பிறந்தால் தூங்குவதில்லை. நள்ளிரவில் மழை வீடியோ, செம்பரம்பாக்கம் நீர்மட்டம், வாட்ஸ்அப் ஆடியோ என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரை நம்புவது, தண்ணீர் எந்தப் படி வரை வந்தால் கிளம்புவது, நான் பயந்தாங்கொள்ளியா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2024இல் நீங்கள் கிளம்பியது சரி. மழை பெய்யாததால் அது தப்பாகிவிடாது. அந்த வாரத்துக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். அக்டோபர் 15 செவ்வாய், 17 வியாழன். இரண்டுமே உங்கள் மாமனாருக்கு டயாலிசிஸ் நாள். நாத்தனார் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய், இரண்டு முறையும் நான்கு மணி நேரம் முழுதாக முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இதைக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சம்பந்தமில்லாத தகவல் போல எழுதியிருக்கிறீர்கள். மருத்துவனான என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான்.

இனி 2023க்கு வாருங்கள். மிக்ஜாம் மழை கொட்டியது டிசம்பர் 3, 4 தேதிகளில், ஞாயிறும் திங்களும். மாமனாருக்குக் கடைசியாக டயாலிசிஸ் ஆனது 2ஆம் தேதி சனிக்கிழமை. செவ்வாய் போக முடியவில்லை. அடுத்தது 7ஆம் தேதி வியாழன்தான். நடுவில் ஐந்து நாள். சிறுநீரகம் நின்றுபோன ஒருவருக்குக் குடிக்கும் தண்ணீரும், சோற்றிலும் குழம்பிலும் இருக்கும் தண்ணீரும் வெளியேற வேறு வழி கிடையாது. உடம்பில் சேரும், பிறகு நுரையீரலில் சேரும். கூடவே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது ஓர் அளவைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுவிடலாம். "அதான் சமாளிச்சோமே" என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சமாளிக்கவில்லை, மயிரிழையில் தப்பினார். இரண்டாவது படியோடு நின்ற தண்ணீரைப் பார்த்து எல்லோரும் நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நுரையீரலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அதனால் எந்தப் படி வரை பொறுப்பது என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஆபத்து தொடங்குவது வாசலில் தண்ணீர் வரும்போது அல்ல. முடிச்சூருக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் ஆட்டோ ஓட முடியாமல் போகும்போதே தொடங்கிவிடுகிறது. இனி நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

சென்னைக்கு ரெட் அலர்ட் என்றால் உங்களுக்கா?

பேச்சில் நாம் எல்லோரும் சென்னைதான். வானிலை எச்சரிக்கை வருவது மாவட்டவாரியாக. முடிச்சூர் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். பக்கத்திலேயே அடையாற்றங்கரையில் இருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பார்க்கும்போது சென்னை என்ற வரியோடு நிறுத்தாமல் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் இரண்டையும் பாருங்கள். தொலைபேசி எண்ணும் அப்படித்தான். உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பதாகச் சொன்ன 1913 சென்னை மாநகராட்சியின் எண். உங்களுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றை எழுதி ஒட்டுங்கள்.

அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் என்றால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21ம் அதற்கு மேலும் அதி கனமழை. கணக்கு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. "ஓரிரு இடங்களில்" என்று வந்தால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள்தான் அது பதிவாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். உங்கள் தெரு அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். சிவப்பு வரும்வரை காத்திருப்பவர் தயாராகும் நேரத்தைத் தவறவிட்டுவிடுகிறார். நடமாட முடியாத நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஆரஞ்சுதான் கிளம்பும் நிறம்.

பத்து சென்டிமீட்டர் என்று கேட்டால் ஒரு சாண்கூட இல்லையே என்று தோன்றும். உங்கள் மனை ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி, என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் மட்டும் 10 சென்டிமீட்டர் விழுந்தால் ஏறக்குறைய 22,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டைக் கொண்டுவந்து வாசலில் திறந்துவிட்ட மாதிரி. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டுக்கு ஒன்பது லாரி. பக்கத்து மனைக்கு இன்னொரு ஒன்பது. அதே நாளில் நுங்கம்பாக்கத்தில் 29, மீனம்பாக்கத்தில் 35. ஒரே ஊர், ஒரே மழை, தாம்பரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் 20 சென்டிமீட்டர் வித்தியாசம்.

2024 அக்டோபர் முன்னறிவிப்பு பொய்த்தது என்று உங்கள் கணவர் சொல்வதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த 15ஆம் தேதி சோழவரம், செங்குன்றம், ஆவடிப் பக்கம் கொட்டித் தீர்த்தது, 20 சென்டிமீட்டரைத் தாண்டி. தென்பகுதிக்கு அவ்வளவு வரவில்லை. 16ஆம் தேதி நகரத்திலேயே மழை விட்டுவிட்டது, 17 அதிகாலை தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்றது. பெரிய அடி புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும். கடலில் சுழலும் ஒரு மழைக் கூட்டம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளிப்போவது பெரிய விஷயமே இல்லை, ஆனால் அந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் நம் ஊர் முழுக்க அடங்கிவிடுகிறது. நெஞ்சு வலி என்று வருகிறவரை நான் ஒரு ராத்திரி அட்மிட் செய்து, இரண்டு முறை ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை பார்த்து, காலையில் ஒன்றுமில்லை என்று அனுப்புவேன். எந்தக் குடும்பமும் ஏமாந்துவிட்டோம் என்று சண்டைக்கு வந்ததில்லை. காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 30 மதியம் சென்னையில் திடீரென்று கொட்டிய மழையை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆபீஸ் விட்டு வந்தவர்கள் நள்ளிரவு வரை சாலையில் நின்றார்கள். முன்னறிவிப்பே இல்லாமலும் ஒரு நாள் வரலாம். அதனால் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை மருந்தும் பையும் எப்போதும் தயாராக இருக்கட்டும். அலர்ட் வந்த பிறகு அலமாரியைத் திறக்கிற நிலை வேண்டாம்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். முடிவெடுக்க வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கை, பிறகு மாநில அரசின் டி.என். அலர்ட் செயலி. முகாம் திறப்பது, பள்ளிக்கு விடுமுறை விடுவது, படகு அனுப்புவது எல்லாம் அந்த எச்சரிக்கையை வைத்துத்தான் நடக்கும். பிரதீப் ஜான் போன்ற வானிலை ஆர்வலர்கள் ரேடார் படத்தை எளிய தமிழில் விளக்குகிறார்கள். நானே படிக்கிறேன், மழை ஏன் தள்ளிப்போனது என்பதெல்லாம் அவர்களால்தான் எனக்குப் புரிந்தது. தேதியும் பெயரும் இல்லாமல் வரும் வாட்ஸ்அப் ஆடியோவை மட்டும் கேட்காதீர்கள், அனுப்பாதீர்கள்.

செம்பரம்பாக்கம் உங்கள் ஏரி இல்லை

கடிதத்தில் செம்பரம்பாக்கம் என்ற பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து 24 அடியில் எத்தனை அடி என்று பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு வரும் வழியில் முன்னால் இருக்கின்றன. செம்பரம்பாக்கம் திறந்தால் முதலில் கவலைப்பட வேண்டியவர்கள் அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டைக்காரர்கள். உங்கள் பக்கம் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் மாதிரி மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர். டி.வி.யில் அவற்றின் அளவைச் சொல்ல மாட்டார்கள். அங்கே தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பால் போடுகிறவரோ, உங்களிடம் டியூஷன் வரும் பிள்ளையின் அப்பாவோ, "கலங்கல் போகுதா?", அதாவது ஏரி நிரம்பி வழிகிறதா, என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் போதும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. மழை விட்டால் ஆபத்து விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் மழை விட்டுச் சில மணி நேரம் கழித்துக்கூட, மேலேயிருந்து வரும் தண்ணீரால் தெருவில் மட்டம் ஏறும். இரண்டாவது, ஏரி காலியாக இருக்கும் அக்டோபரில் பெய்யும் 10 சென்டிமீட்டரும், எல்லா ஏரியும் தளும்பிக்கொண்டிருக்கும் டிசம்பரில் பெய்யும் 10 சென்டிமீட்டரும் ஒன்றல்ல. 2015இல் நவம்பர் மழையிலேயே முடிச்சூர் ஒரு முறை மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் டிசம்பர் 1 மழை அப்படியே வீடுகளுக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய் கட்டினார்கள், உண்மை. அதை நம்பி ஒரு டயாலிசிஸ் நோயாளியைத் தரைத்தளத்தில் வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எப்போது கிளம்புவது?

செங்கல்பட்டு அல்லது காஞ்சிபுரத்துக்கு ஆரஞ்சோ சிவப்போ அறிவித்தால், அந்த நாளுக்கு முந்தின நாள் பகலில் கிளம்புங்கள். இரவில் வேண்டாம், மழைக்குள் வேண்டாம். நவம்பர் பாதிக்கு மேல், மேலே ஏரிகள் வழிகிறது என்று தகவல் வந்துவிட்டால், மஞ்சளையும் ஆரஞ்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறதல்லவா, டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சாதாரண வாரத்திலேயே அதுதான் ஆபத்து கூடுதலான நேரம். ஞாயிறு, திங்களில் புயல் என்றால் யோசிக்கவே வேண்டாம், சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் அங்கிருந்தே நேராக மகள் வீடு.

கிளம்புவதற்கு முன் ஒரு போன் செய்ய வேண்டும், டயாலிசிஸ் யூனிட்டுக்கு. "செவ்வாய் ஸ்லாட்டைத் திங்களுக்கு மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். மழைக்கு முன் ஒரு நாள் முன்கூட்டியே செய்துவிட்டால் கையில் ஒரு நாள் மிச்சம். மெஷின்கள் குறைவாகத்தான் இருக்கும், முதலில் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். மழை தொடங்கிய பிறகு எல்லோரும் கேட்பார்கள்.

மாமனாரிடம் பேசுவது

அவர் பிடிவாதத்தைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். முப்பது வருடச் சம்பளம் அந்தச் சுவரில் இருக்கிறது. 2015இல் அந்த வீடு மூழ்கியதை அவர் கண்ணால் பார்த்தார். மறுபடி விட்டுவிட்டு வர அவருக்கு மனம் கூசுகிறது. மகள் வீட்டில் தங்குவது பற்றிய கூச்சம் அவர் தலைமுறைக்கு உண்மையானது. அதை வாதம் செய்து ஜெயிக்க முடியாது. வெள்ளம் என்ற சொல்லையே எடுக்காமல் பேசிப் பாருங்கள். "மாமா, செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு ரோடு இருக்காதாம், அதனால ரெண்டு நாள் ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும்னு டாக்டர் சொல்றாரு" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. அடுத்த முறை போகும்போது சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு, மழை அலர்ட் இருந்தால் யூனிட்டுக்கு அருகில் தங்க வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். மருமகள் சொன்னால் மறுப்பவர்கள்கூடச் சீட்டில் இருப்பதை மாத்திரை மாதிரி எடுத்துக்கொள்வதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அழைப்பும் உங்களிடமிருந்து வர வேண்டாம். நாத்தனாரே போன் செய்து "அப்பா, வாங்க, பேரன் உங்க கையால கணக்குப் போடணும்னு அழறான்" என்று கூப்பிடட்டும்.

உங்கள் கணவரிடம் 2023 டிசம்பர் 7 அன்று அட்மிட் ஆனதன் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக் காட்டுங்கள். எத்தனை லிட்டர் நீர் எடுத்தார்கள், ஆக்சிஜன் அளவு எவ்வளவு இருந்தது என்று அதில் இருக்கும். அன்று அவர் ஷிப்டில் மாட்டிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். டிராக்டரில் கூட உட்கார்ந்து போனது நீங்கள். அவர் பார்க்காததை அவர் எடைபோட முடியாது.

எல்லாம் பேசியும் பெரியவர் சம்மதிக்காவிட்டால் கையைப் பிடித்து இழுக்க உங்களுக்கு உரிமை இல்லை. சுயநினைவோடு இருக்கும் ஒருவர் தன் சிகிச்சை பற்றித் தானே முடிவெடுக்கலாம். ஆனால் பிள்ளைகளை அனுப்பும் முடிவு உங்களுடையது, அதற்கு யார் சம்மதமும் தேவையில்லை. பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் தாத்தாவும் சட்டையைத் தேடுவார்.

நாத்தனார் ஊரில் இல்லாத வேளையில் முகாம்தான் வழி என்றால், அதில் குறைவாக நினைக்க எதுவும் இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிவாரண முகாமில் தங்குமிடம், குடிநீர், உணவு, சுகாதாரம், மருத்துவ வசதிக்குக் குறைந்தபட்ச அளவுகோல் வகுக்கச் சொல்கிறது. யாரும் கருணையால் தருவதல்ல, கேட்டு வாங்கலாம். உள்ளே போனதும் முதல் ஆளாக வி.ஏ.ஓ.விடம் "டயாலிசிஸ் நோயாளி, அடுத்தது இந்தத் தேதி" என்று பெயர் எழுதவைத்துவிடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

2015இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த டயாலிசிஸ் நோயாளி ஒருவரைக் கட்டிலோடு தூக்கி, மெயின் ரோடு வரை கொண்டுவந்து, ஆம்புலன்ஸில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர் வழக்கமாகப் போகும் இடத்தில் மின்சாரம் இல்லை. புது இடத்தில் ஃபைலைக் கேட்டார்கள். அவர் மகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த அட்டை ஃபைலை விரித்தாள். எல்லாப் பக்கமும் ஊறி ஒட்டிக்கொண்டு, இங்க் நீலமாகக் கரைந்து, ஒரு எழுத்து படிக்க முடியவில்லை. மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு தெரியாமல் எந்த மெஷினில் போடுவது என்று அவர்களால் முடிவெடுக்க முடியவில்லை. தவறு அவர்கள் மீதில்லை, மற்ற நோயாளிகளின் பாதுகாப்புக்கு அதைக் கேட்டே ஆக வேண்டும். புதிதாக ரத்தம் எடுத்து முடிவு வரும்வரை அவர் வராந்தாவில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதனால் முதல் பொருள் அந்தப் பரிசோதனை முடிவுகள். கூடவே அவருடைய உலர் எடை (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை), கடைசி டயாலிசிஸ் குறிப்பு, மருந்துப் பட்டியல். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் நாத்தனார் போனிலும் வையுங்கள். காகிதத்தை ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போடுங்கள். பத்து நாள் மாத்திரை, கண்ணாடி, டார்ச், பவர் பேங்க், ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரத்தின் நகல். 2023 நிவாரணம் ரேஷன் கார்டை வைத்துத்தான் வந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

மாட்டிக்கொண்டால்

அப்படியும் ஒரு முறை வழி அடைபட்டுவிட்டால், அடுத்த டயாலிசிஸ் வரை சாப்பாட்டிலும் தண்ணீரிலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் என்பதை அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள், வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சொல்வார். இளநீர் கூடவே கூடாது. வாழைப்பழம், தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு வேண்டாம். படகில் வரும் பொட்டலத்தில் புளி சாதமும் வாழைப்பழமும்தான் இருக்கும். பசியில் இருக்கும் மனிதர், கொடுப்பவர் அன்போடு கொடுக்கிறார், மறுக்க மாட்டார். அதனால் வெள்ளைச் சோறு, ரவை, ரஸ்க், சர்க்கரை என்று அவருக்குத் தனியாக எடுத்து வையுங்கள். உப்பு குறைந்தால் தாகமும் குறையும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கை கால் துவள்கிறது, நெஞ்சு படபடக்கிறது, இதில் ஒன்று வந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108க்கும் 1077க்கும் போன் செய்து முதல் வாக்கியத்திலேயே டயாலிசிஸ் நோயாளி என்று சொல்லுங்கள்.

தண்ணீர் முதல் படியைத் தொட்டதும் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுங்கள். போர்டு நனைந்த பிறகு கையே வைக்கக் கூடாது. வெள்ளத்தில் நடக்க நேர்ந்தால் அவருடைய ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடும் ரத்தக்குழாய் இணைப்பு) இருக்கும் கை நனையாமல் தூக்கியே இருக்கட்டும். ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரியவரைச் சாய்த்துவிடும். வடிந்த பிறகு சேற்றில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க மாத்திரை உண்டு, மருத்துவரைக் கேட்டு மட்டும் போடுங்கள். சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும்வரை அந்தத் தண்ணீர் வேண்டாம்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். இந்த ஏற்பாடுகள் முடிந்த பிறகு இரவில் நீங்கள் பார்க்க எதுவும் மிச்சமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை, மதியமும் மாலையும், மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். அதில் நிறம் இல்லையென்றால் போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுங்கள். மாலை முறையை மகளிடம் கொடுங்கள். பத்தாவது படிக்கும் பெண் அறிக்கையைப் படித்துச் சொல்வாள், உங்கள் தோளிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். மூன்று வாரம் இப்படி இருந்தும் தூக்கம் வரவில்லை, மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 2015ஐப் பார்த்தவர்களில் இப்படி இருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமில்லை, என்னிடமே மழைக்காலத்தில் நிறையப் பேர் வருகிறார்கள்.

வரும் வியாழக்கிழமை யூனிட்டுக்குப் போகும்போது டெக்னீஷியனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மழைக்கு முன் ஸ்லாட்டை மாற்ற யாரிடம், எந்த எண்ணில் பேச வேண்டும்? இந்த யூனிட் ஓடாவிட்டால் நோயாளிகளை எங்கே அனுப்புவீர்கள்? இரண்டு பதிலையும் பையின் மேல் ஒரு சீட்டில் எழுதி, செலோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.